ஒரு ஜோடி சாக்ஸும் ஆரஞ்சுச் சுவரும்

வெளிச்சத்தை அளப்பது என் வேலை. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டில் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஒரு சின்னக் கருவியோடு போவேன். பார்ப்பதற்கு அது சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். தலையில் வெள்ளையாக ஒரு குமிழ். அதை மேஜைமேல் வைத்தால், அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வீட்டின் வரைபடத்தில் எழுதி, இங்கே படிக்கலாம், அங்கே தூங்கலாம், இந்த மூலையை எலிகளுக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வருவேன்.

ஊர் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் சொன்னவன் சொந்த வீட்டில் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதுதான் இந்தக் கதை. நியாயமாக இதை என் மகள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்தால் முடிக்க மூன்று நாள் ஆகும்.

அவளுக்குப் பத்து வயது. வீட்டில் அவள் பெயர் நத்தை. ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்ன அவளுக்கு அரை மணி நேரம் வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு காலுக்குச் சாக்ஸ் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினால், மறு காலை மறந்தே போவாள். என்னடி செய்கிறாய் என்று கேட்டால், "பாத்துட்டு இருந்தேன்" என்பாள். எதைப் பார்த்தாள் என்பது அவளுக்கும் அந்த ஜன்னலுக்கும்தான் வெளிச்சம்.

அவள் அம்மா, அதாவது என் மனைவி, கிழிந்த துணிகளைச் சரிசெய்பவள். ஒட்டுப்போடுவது அல்ல. கிழிந்த இடத்தில் அதே நிற நூலை இழை இழையாகக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக நெய்து, அங்கே கிழிசல் இருந்ததே தெரியாமல் செய்துவிடுவாள். டார்னிங் என்று சொல்வார்கள். பதினான்கு வருடமாகச் செய்கிறாள். அவளிடம் பிஸ்கட் டப்பாக்களில் முந்நூறு நூல்கண்டுகள் இருக்கின்றன. நீலத்தில் மட்டும் நாற்பது வகை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நீலம். அதையும் சில நாள் கறுப்பு என்றுதான் சொல்வேன்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலேயே நான் அறை அறையாக அளந்தேன். முன்னறை ஜன்னலோரம்தான் பெரிய எண் வந்தது. தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "உன் மேஜை இங்கே" என்று ராஜா நிலம் தானம் செய்வதுபோல் கையை நீட்டினேன். பின்னால் இருந்த சின்ன அறையில், வண்டியிலிருந்து இறக்கி அடுக்கிய என் பெட்டிகளுக்கு நடுவே, எண் ரொம்பச் சின்னது. வரைபடத்தில் 'இருட்டு' என்று எழுதி, என் மீதித் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் அங்கே அடைத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ரொட்டிக்கடைக்காரர் ஏணியில் ஏறும்வரை.

எங்கள் முன்னறை ஜன்னலுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், ரொட்டிக்கடையின் பெரிய பக்கச் சுவர் இருக்கிறது. பல வருடமாகச் சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்த சுவர். கடைக்காரர் ஒரு வாரம் தானே ஏணியில் நின்று அதற்கு வண்ணம் அடித்தார். பளபளவென்று, கண்ணைப் பிடித்து இழுக்கும் ஆரஞ்சு நிறம். அடித்து முடித்ததும் சந்தில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிரமாதம் என்று நானும் சொன்னேன். உண்மையாகவே பிரமாதமாகத்தான் இருந்தது.

காலையில் அந்தச் சுவர் நிழலில் கிடக்கும். பகல் இரண்டு மணிக்குச் சூரியன் எங்கள் கூரையைத் தாண்டி அதன்மேல் விழும். அதன்பிறகு ஐந்து மணிவரை எங்கள் முன்னறை இந்த உலகத்திலேயே இருக்காது. ஒரு பெரிய பழத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். டம்ளரில் இருக்கும் தண்ணீர் பழரசம் ஆகிவிடும். என் வழுக்கை செப்புக் குடமாக மின்னும். தூசிகள் அவசரமே இல்லாமல் மிதந்து போகும். நத்தை தரையில் மல்லாந்து படுத்து, "அது ஊருக்குப் போகுது, இது வழி தெரியாம நிக்குது" என்று அவற்றுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். ஏனென்றே தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் மெதுவான குரலில் பேசுவோம்.

நான் கருவியை வைத்துப் பார்த்தேன். முன்பு எழுநூறு காட்டிய இடத்தில் இப்போது ஆயிரத்து நூறு. ரொட்டிக்கடைக்காரருக்குப் போய் நன்றிகூடச் சொன்னேன். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் அந்த மாதத்திலிருந்துதான் என் மனைவியின் கையில் தவறு வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு வெள்ளைச் சட்டை. காலரில் அவள் அடைத்த இடம் மட்டும் யானைத் தந்த நிறத்தில் பல் இளித்தது. அடுத்து ஒரு சாம்பல் நிறப் பாவாடை. கடைசியாக, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் பெரியவரின் கோட்டு.

அவர் முப்பத்தைந்து வருடம் டிக்கெட் பார்த்தவர். எதைக் கொடுத்தாலும் தூக்கிப் பிடித்து, முன்னால் பார்த்து, திருப்பிப் பின்னால் பார்த்துத்தான் வாங்குவார். ஒருமுறை நான் கொடுத்த பிஸ்கட்டையும் அப்படித்தான் வாங்கினார். திங்கட்கிழமை அவருக்கு வேலையில் கடைசி நாள். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் நடைமேடையில் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுக்கப் போகிறார்கள். அதற்காகக் கருநீலக் கோட்டின் முழங்கைக் கிழிசலை அடைக்கக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"குறை சொல்ல வரலைம்மா. தெருவுல பார்த்தா கொஞ்சம் தெரியுது, அதான்" என்றார்.

என் மனைவி கோட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ப் பார்த்தாள். நீலக் கோட்டின் முழங்கையில் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம். வீட்டுக்குள் அவள் மேஜையில் வைத்துப் பார்த்தபோது துணியும் நூலும் ஒன்றாகத்தான் இருந்தன. நாளைச் சாயங்காலம் ஐந்தரைக்கு வாருங்கள், சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினாள். பிறகு அந்தக் கறுப்பு வட்டத்தை விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது நான் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலும் புண்ணியம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கருவியை எடுத்து வந்து மேஜையில் வைத்து, எண்ணைப் படித்துக் காட்டினேன்.

"ஆயிரத்து நூறு. வெளிச்சத்துல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே புரிந்தது. வெளிச்சத்தில் குறை இல்லையென்றால், குறை வேறு எங்கே இருக்கும்?

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப என் கண்ணுதான்" என்றாள்.

அதற்குள் ஒரு முடிவும் எடுத்துவிட்டாள். பரிசோதகரின் கோட்டை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவாளாம். நூல் டப்பாக்களைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுவாளாம், சாயங்காலமே போய் அவரிடம் சொல்லிவிடப் போகிறாளாம். அடுத்தவர் துணியைக் கெடுத்துப் பேர் வாங்குவதைவிட, பேர் இருக்கும்போதே ஊசியைக் கீழே வைப்பது மரியாதையாம். இதையெல்லாம் அழாமல், மளிகைச் சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நத்தை அப்போதுதான் வாழைப்பழத்தின் பாதிக்கு வந்திருந்தாள். அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து என் மனைவி கோட்டிலிருந்த கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நெய்வதைவிடப் பிரிப்பது கஷ்டம். துணிக்கு வலிக்காமல் பிரிக்க வேண்டும். அது முடியும்போது பகல் இரண்டரை. முன்னறைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அவள் நூல் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எந்த நூலை எடுக்கவும் கை போகாமல், எழுந்து தேநீர் போடச் சமையலறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தை தன் பள்ளிக்கூடச் சாக்ஸைத் தானே துவைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். துவைத்தாள். ஒன்றை முன்னறை நாற்காலியின் முதுகில் போட்டாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ போனாள். எதற்குப் போனோம் என்று மறந்து, சாமான் அறையில் என் ஏணிமேல் அதைத் தொங்கவிட்டாள். பிறகு நடைவழியில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே உட்கார்ந்தால் முன்னறையின் கதவும் சாமான் அறையின் கதவும் அடுத்தடுத்துத் தெரியும்.

பத்து நிமிடம் கழித்து, "அப்பா, என் சாக்ஸ் ரெண்டும் வேற வேற நிறமா இருக்கு" என்று குரல் வந்தது.

நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், ஒன்றை ஒழுங்காகத் துவைத்திருக்க மாட்டாய் என்றேன்.

இன்னும் பத்து நிமிடம். ஈரக் கால்கள் அங்கும் இங்கும் நடக்கும் சத்தம். "ரெண்டையும் இடம் மாத்திட்டேன்ப்பா. இப்பவும் வேற வேற நிறம்தான். ஆனா அதோட நிறம் இதுக்கு வந்துடுச்சு, இதோட நிறம் அதுக்குப் போயிடுச்சு."

நான் செய்தித்தாளைக் கீழே வைத்தேன். போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக முனகின.

இடப்பக்கக் கதவுக்குள் ஒரு சாக்ஸ், உரித்த ஆரஞ்சுச் சுளை மாதிரி. வலப்பக்கக் கதவுக்குள் ஒரு சாக்ஸ், விடியற்கால வானம் மாதிரி, லேசான நீலம். இரண்டும் ஒரே ஜோடி. ஒரே சோப்பு.

எழுந்து முன்னறைக்குள் போனேன். சாக்ஸ் வெள்ளையாக இருந்தது. சாமான் அறைக்குள் போனேன். அங்கேயும் வெள்ளை. மறுபடி நடைவழிக்கு வந்து உட்கார்ந்தேன். ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம்.

"உள்ள போனா ஏமாத்துதுப்பா. இங்க உக்காந்தா மாட்டிக்குது" என்றாள் நத்தை.

கண் ரொம்ப மரியாதை தெரிந்த விருந்தாளி. போகிற அறையில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ, இரண்டே நிமிடத்தில் அதற்குப் பழகிக்கொண்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சை எழுதித் தேறியும் இருக்கிறேன். இரண்டு மாதமாக அந்த ஆரஞ்சுக்குள் உட்கார்ந்து பழரசம் மாதிரி தண்ணீர் குடித்தவனுக்கு அது ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

ஓடிப்போய்க் கருவியை எடுத்து வந்தேன். முன்னறையில் ஆயிரத்து நூறு. சாமான் அறையில் முந்நூற்றைம்பது.

நத்தை அதை எட்டிப் பார்த்தாள். "இதுல நிறம் எங்கப்பா காட்டும்?"

"காட்டாது. எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும்."

"பாவம்" என்றாள். கருவியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இதை உடனே என் மனைவியிடம் சொல்லப் பாய்ந்தேன். நத்தை என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. ஆறுதலுக்குச் சொல்றோம்னு நெனச்சுப்பாங்க."

யோசித்துப் பார்த்தேன். சரிதான். நான் ஆறுதல் சொல்லும் விதம் நேற்றுத்தான் வீட்டுக்கே தெரிந்திருந்தது. உன் யோசனை என்ன என்று கேட்டேன். "இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் நூல் டப்பாக்களிடம் போனாள். அதன்பிறகு இருபது நிமிடம் நான் இருந்தேன்.

ஒவ்வொரு நூல்கண்டின் அடியிலும் நிறத்தின் எண் அச்சடித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். நத்தை அதைப் பார்த்துப் பத்து நூல் துண்டுகளை வெட்டினாள். கறுப்பும் கருநீலமும், வெள்ளையும் தந்த நிறமும், சாம்பலும், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன அட்டையில் சுற்றி, அட்டையின் பின்னால் எண்ணை எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, முன்னறையில் அம்மாவின் மேஜைமேல் பரப்பினாள்.

முதலில் அம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். எது எது என்ன நிறம் என்று பிரிக்கச் சொன்னாள். பத்தில் எனக்கு நான்கு தப்பு. அடுத்து அவளே தன் அட்டைகளைக் கலைத்து, கண்ணை மூடித் திறந்து பிரித்தாள். மூன்று தப்பு. அதன்பிறகுதான், "நீயும் வாம்மா, ஒரே ஒரு தடவை" என்றாள்.

என் மனைவி ஏதோ குழந்தை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பிரித்தாள். இரண்டு தப்பு.

"அம்மாவுக்கு ரெண்டு, எனக்கு மூணு, அப்பாவுக்கு நாலு" என்று நத்தை அறிவித்தாள்.

"அப்பாவுக்கு எப்பவுமே அப்படித்தான்" என்றாள் என் மனைவி. ஆனாலும் குனிந்து அந்த அட்டைகளையே பார்த்தாள்.

நத்தை அட்டைகளை அள்ளிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின்மேல் பரப்பினாள். மறுபடி நான். ஒரு தப்பும் இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கருநீலத்தைக் கருநீலம் என்று சொன்னேன். நத்தைக்கும் எல்லாம் சரி. அப்புறம் அம்மா. விரல்கள் சீட்டு அடுக்குவதுபோல் ஓடின. எல்லாம் சரி.

அவள் நம்பவில்லை. கலைத்துவிட்டு மறுபடி பிரித்தாள். அட்டைகளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நாங்கள் இரண்டு பேரும் நடைவழியில் ஒதுங்கி நின்று அவள் போவதையும் வருவதையும் பார்த்தோம். நான்காவது முறை வந்தபோது அவள் அந்தப் பெட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"உன் கண்ணு நல்லா இருக்கும்மா" என்றாள் நத்தை. "அந்த ரூம்தான் கலர் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கு."

மணி மூன்றரை. ஐந்தரைக்குப் பரிசோதகர் வந்துவிடுவார்.

சாமான் அறையைக் காலி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அங்கே இருந்த சாமானுக்குச் சொந்தக்காரன் நான் ஒருவன்தான். உடைந்த கருவிகள் மூன்று. துணி போய் எலும்பு மட்டும் மிஞ்சிய ஒரு குடை. 'முக்கியம்' என்று எழுதிய ஒரு பெரிய பெட்டி. திறந்தால் உள்ளே காலிப் பெட்டிகள். கடைசி அடுக்கை நகர்த்தியபோது, அதுவரை மேல் ஓரம் மட்டும் தெரிந்த ஜன்னல் முழுசாக வெளியே வந்தது. நான்தான் அதை மறைத்து வைத்துவிட்டு, அறையை இருட்டு என்று எழுதியிருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தோம். அந்தப் பக்கம் கட்டடம் எதுவும் இல்லை. வெயில் எட்டிப் பார்க்காத வடக்குத் திசை. வெறும் வானம்தான். வெளிச்சம் சத்தம் போடாமல், பால் பரவுவதுபோல் உள்ளே பரவியது. அதற்கு எந்த அவசரமும் இல்லை, எந்த வேஷமும் இல்லை. நான் கருவியை வைத்து எண்ணைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மேஜையைத் தூக்கி வந்து ஜன்னலைப் பார்த்தபடி போட்டேன். என் மனைவி உட்கார்ந்தாள். நத்தை மேஜைக்கு அடியில் போய்க் குந்தி, அங்கிருந்து அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். என்ன செய்கிறாய் என்றேன்.

"அம்மாவோட புருவம் சுருங்குது."

வானம் நேராகக் கண்ணில் விழுந்தது. மேஜையைத் திருப்பி, வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரும்படி போட்டேன். ஊசி பிடிக்கும் கையின் நிழல் இப்போது துணிமேல் விழவில்லை. நத்தை மறுபடி அடியில் போனாள். இன்னும் ஒரு சின்னச் சுருக்கம் இருக்கிறது என்றாள். தேடினால், என் அலுமினிய ஏணி மூலையில் நின்று கண்ணில் மின்னிக்கொண்டிருந்தது. ஏணியை வெளியேற்றினேன்.

"இப்ப புருவம் தூங்குது" என்றாள் நத்தை.

இருபது வருடமாக நான் வெளிச்சத்தை மேஜைமேல்தான் அளந்திருக்கிறேன். மேஜையில் உட்கார்கிறவரின் முகத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. மேஜைக்குக் கண் கிடையாது என்பது இவ்வளவு தாமதமாகவா தெரிய வேண்டும்!

செய்த தப்பை ஈடுகட்டும் வேகத்தில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. ரொட்டிக்கடைக்காரரிடம் போய்ச் சுவருக்கு வேறு நிறம் அடிக்கச் சொல்லலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

நத்தை முன்னறை ஜன்னலைக் காட்டினாள். சந்தில் ரொட்டிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தன் சுவரைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் மாவு.

"தெனமும் இந்த நேரத்துல வந்து நின்னு பாக்கறாருப்பா. பாத்துட்டுச் சிரிப்பாரு. நமக்கு வேணுங்கற ஜன்னல்தான் கெடச்சிடுச்சே, அவர் சுவர் அவருக்கு இருக்கட்டும்."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரலும் வந்தது. தேநீர் குடிக்க, தலை வார, சும்மா கதை பேச அந்த அறை அப்படியே இருக்க வேண்டுமாம். "அங்க உக்காந்தா நீங்ககூட லட்சணமா தெரியறீங்க" என்றாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

அவள் நீல டப்பாவைத் திறந்தாள். நாற்பது நீலங்களும் நாற்பது நீலங்களாக இருந்தன. கோட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். மூன்றாவது நூலில் கை நின்றது. அது கோட்டின்மேல் விழுந்ததும் காணாமல் போனது. ஊசியில் கோத்தாள்.

அதன்பிறகு அந்த அறையில் நேரம் நடக்கவில்லை, மிதந்தது. ஊசி உள்ளே போகும், ஒரு மூச்சு நிற்கும், வெளியே வரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நத்தை மேஜையோரத்தில் கன்னத்தை வைத்து, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை ஒரு குளம்போல மெல்ல மெல்ல நிரம்பியது.

ஐந்து இருபத்தைந்துக்கு அவள் நூலை நறுக்கினாள். ஐந்தரைக்குப் பரிசோதகர் கதவைத் தட்டினார். ரயில்காரர் அல்லவா.

கோட்டை வாங்கி, வழக்கம்போல் முன்னறை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இங்க வேணாம் சார்" என்றாள் என் மனைவி. "தெருவுல போய்ப் பாருங்க."

குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை நத்தையின் தோளை இறுகப் பிடித்திருந்தது. நாங்கள் மூவரும் அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனோம்.

அவர் தெருவின் நடுவில் நின்றார். கோட்டைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் பார்த்தார், உள்பக்கம் பார்த்தார். வலது முழங்கையைக் கட்டைவிரலால் தடவினார். இடது முழங்கையைத் தடவினார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏம்மா, எந்தக் கை கிழிஞ்சிருந்தது?" என்று கேட்டார்.

என் மனைவி, பிடித்திருந்த தோளை விட்டாள்.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் இடத்துக்கு வரப்போகும் பெண்ணும் கோட்டை ரயில் கதவில் மாட்டிக் கிழித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "இங்க அனுப்பலாம்னு நெனச்சேன். நீங்க தொழிலை விடறதா தையல்காரர் சொன்னாரு. அதான் கேக்கலை."

என் மனைவி நத்தையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவர் கெடக்கறாரு சார். அனுப்புங்க" என்றாள். "காலைலன்னாலும் சரி, சாயங்காலம்னாலும் சரி."

பரிசோதகர் கோட்டோடு சந்தில் நடந்தார். ஆரஞ்சுச் சுவரைத் தாண்டினார். தெருமுனைக்குப் போனதும் நின்று, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வலது முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இடது. பிறகு மறுபடி வலது.

என் மனைவி வாசலில் சாய்ந்து நின்று சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"இடது" என்றாள் மெதுவாக, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி.